மூன்றாம் அங்கத்தை யாரும் பார்த்ததில்லை

திருத்தணியில் பிறந்து மலை ஏறாதவர்கள்கூட இருக்கலாம். ஆனால் அங்கம் சார் எழுதிய நாடகத்தின் மூன்றாம் அங்கத்தைப் பார்த்தவர் என்று ஒருவரும் கிடையாது. அங்கம் சாரும் பார்த்ததில்லை. முப்பத்தைந்து வருடத்தில் பதினொரு நாடகங்கள் எழுதினார். பதினொன்றும் மேடையேறின. பதினொன்றும் இரண்டாம் அங்கம் முடிந்த கையோடு ஏதோ ஒரு காரணத்தால் நின்றுபோயின. உலகத்தில் வேறு எந்த நாடகாசிரியருக்காவது இப்படி நடந்திருந்தால் வாசகர்கள் எனக்கு எழுதலாம்.

ஊரில் அவருக்கு ‘மூணாம் அங்கம்’ என்று பெயர். அலுவலகத்தில் மரியாதை கருதி ‘அங்கம் சார்’. சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. ஆனால் அது பணிப்பதிவேட்டை விட்டு வெளியே வந்ததில்லை. அவர் ஓய்வு பெறும் உத்தரவு தபாலில் வந்த அன்று, அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று குறித்து உறையைத் திருப்பி அனுப்பும் தட்டில் போட்டுவிட்டார்கள். போட்டவர் வேறு யாருமில்லை, தபால் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த அங்கம் சாரேதான்.

எழுபதுகளின் கடைசியில் டிப்ளமா முடித்துவிட்டு திருத்தணி சாலைப் பிரிவு அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். பதவியின் பெயர் டிராஃப்ட்ஸ்மேன். பெண் என்பதற்காக யாரும் அதை மாற்றவில்லை, நானும் கேட்கவில்லை. தினமும் அரக்கோணத்திலிருந்து ரயிலில் வருவேன். முதல் நாள் என் மேஜையைக் காட்டிய அங்கம் சார், பக்கத்திலேயே நின்று நான் ஒரு சிறு பாலத்தின் குறுக்குவெட்டு வரைவதை அரை மணி நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “கோடு நல்லா கீதும்மா. ஆனா பாலத்துக்கு ஒரு நோக்கம் இல்ல.”

அவர் நாடகாசிரியர் மட்டுமல்ல, விமர்சகரும்கூட. உண்மையில் விமர்சகராகத்தான் ஊரை நடுங்க வைத்திருந்தார். கிளை நூலகத்தில் அவர் படித்து முடித்த ஒவ்வொரு புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளிலும் பென்சிலால் நாலு வரி இருக்கும். “கதாநாயகி நாற்பதாம் பக்கத்திலேயே இறந்திருந்தால் நமக்கு நூற்று அறுபது பக்கம் மிச்சம்.” “ஆசிரியருக்கு மழையைப் பற்றி நிறையத் தெரிகிறது. மனிதர்களைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார்.” திருத்தணி வாசகர்கள் எந்தப் புத்தகத்தையும் கடைசித் தாளிலிருந்துதான் திறப்பார்கள். அங்கே பென்சில் இல்லையென்றால் அப்படியே அடுக்கில் திருப்பி வைத்துவிடுவார்கள். நூலகருக்குக் கோபம்தான். ஆனால் அவரே ரப்பரை எடுத்து அழிக்கப் போய், ஒவ்வொன்றாகப் படித்து, சிரித்து, அழிக்காமல் வைத்துவிட்டதாகக் கேள்வி.

புத்தகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மேலதிகாரி அனுப்பிய சுற்றறிக்கை ஒன்று “கருத்து நன்று, நடையில் தளர்ச்சி” என்ற குறிப்போடு அவரிடமே திரும்பிப் போயிருக்கிறது. ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸைப் பற்றி அவர் எழுதியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: “தொடக்கத்தில் வேகம். நடுவில் தொய்வு. முடிவை நடத்துனர் முன்கூட்டியே கத்திச் சொல்லிவிடுவதால் சுவை குன்றுகிறது.” ஒரு கல்யாணத்தில் வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயருக்குப் பின்னால் போட்டிருந்த பட்டங்கள் பாத்திரப் படைப்பில் நம்பகத்தன்மையைக் குலைக்கின்றன என்று பேசினார். மாப்பிள்ளை வீட்டார் விசாரித்ததில் ஒரு பட்டம் நிஜமாகவே கழன்று விழுந்தது. அதற்குப் பிறகு அவருக்கு எல்லாரும் நேரில் வந்து பத்திரிகை வைத்தார்கள், ஆனால் மைக் மட்டும் கொடுக்கவில்லை.

அவரை அடக்கத் தெரிந்தவர் ஒருவர்தான், அவர் வீட்டம்மா. ஒரு நாள் சாம்பாரைப் பற்றி வாய் திறந்தாராம். அந்த அம்மா காலித் தட்டை எதிரில் வைத்து, “இது முன்னுரை. நீங்க விமர்சனத்த முடிச்சிடுங்க, மத்ததெல்லாம் அப்பால வரும்” என்றாராம். விமர்சனம் அங்கேயே முடிந்தது.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று ஒரு தடவை கேட்டேன். ஆர்.கே.பேட்டையில் நெசவுக் குடும்பம். இருபத்திரண்டு வயதில் முதல் நாடகத்தைத் தறிக் கொட்டகை வாசலிலேயே போட்டிருக்கிறார். வழக்கம்போல, அதாவது பிற்காலத்தில் வழக்கமாகிவிட்டதுபோல, இரண்டாம் அங்கத்தோடு மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஓடிவிட, அவருடைய நைனா மட்டும் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாராம். அவர் சொன்னது: “தறியில பாவு அறுந்தா எந்த நூலுன்னு பாத்து முடி போட்டுடுவேன்டா. உங் கதையில எங்க அறுந்துதுன்னே தெர்ல.” தகப்பனார் தேடிக் கிடைக்காத அந்த நூலைத் தேடித்தான் மகன் விமர்சகர் ஆனார்.

அவர் விமர்சனத்திலேயே மிகவும் கடுமையானது யாருக்குக் கிடைத்தது என்றால், நாடகாசிரியர் அங்கம் சாருக்கு. ஒவ்வொரு நாடகம் நின்ற மறுநாள் காலையிலும் பஸ் நிலையத்து டீக்கடைப் பலகையில் அவர் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். நாடகம் பார்க்க வராதவர்கள்கூட இதைப் படிக்க வருவார்கள். நடக்காத மூன்றாம் அங்கத்துக்கும் சேர்த்தே அதில் அடி விழும். அது எப்படிச் சாத்தியம் என்று யாரும் யோசிக்கவில்லை. எனக்கு மட்டும் பிறகு தெரிந்தது. அவர் விமர்சனத்தை முதலில் எழுதிவிடுவார். அதற்குப் பிறகுதான் மூன்றாம் அங்கத்தை எழுதுவார். என்னென்ன தப்புகள் வரப்போகின்றன என்று தெரிந்தால் தவிர்க்கலாம் அல்லவா என்பது அவர் கணக்கு. ஆனால் ஒன்றையும் தவிர்த்ததில்லை. பதினொரு நாடகத்திலும் கடைசியில் எல்லாப் பாத்திரங்களும் ஒரே இடத்தில் கூடி ஒருவரையொருவர் மன்னித்துவிடுவார்கள். முதல் அங்கத்தில் செத்துப்போனவர் சுவரில் படமாகத் தொங்கியபடி மன்னிப்பார்.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம் டிசம்பரில் அவர் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். தை முடிந்தால் ஓய்வு. வீட்டைக் காலி செய்துகொண்டு நெல்லூர்ப் பக்கம் மகளோடு போய்விடப் போகிறார். பன்னிரண்டாவதாக ஒரு நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறார். அதுதான் கடைசி. பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒரே ஒரு தடவ, மூணாவது அங்கம் முடிஞ்சி தெர வுழறத பாத்துட்டுப் போயிடணும்மா. பெருசா ஒண்ணும் வேணாம். கைதட்டுகூட வேணாம்.”

காட்சித் திரை வரைந்து கொடுக்க முடியுமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். ஆனால் ஒரு இயந்திரம் பதினொரு தடவை ஒரே இடத்தில் நின்றால் புது வண்ணம் அடித்துப் பயனில்லை. நான் ட்ரேசிங் பேப்பர் துண்டில் நாலு கட்டம் கோடு போட்டேன். நாடகம், நின்ற இடம், காரணம், தடுப்பு.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மழை இரண்டு தடவை. மேடை சரிந்தது ஒரு தடவை. அப்போது பெண் வேடம் போட்டவர் பத்திரப்பதிவு எழுத்தர், நல்ல உடல்வாகு. வசனம் எடுத்துக் கொடுப்பவரின் கண்ணாடியை ஆடு மிதித்தது ஒரு தடவை. ஆடிக் கிருத்திகைச் சமயத்தில் ஒன்று. வாசலில் பம்பையோடு காவடி போக, ஜனம் மொத்தமும் எழுந்து பின்னால் போய்விட்டது. ராஜா வேடத்தில் இருந்தவரும் அரோகரா சொல்லிக்கொண்டே கிரீடத்தோடு போனவர்தான், மறுநாள் மொட்டையோடு திரும்பினார். அரக்கோணத்தில் போட்டது இரண்டு. அரக்கோணத்தில் நாடகம் பார்க்க வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு ரயில் இருக்கிறது. எந்த வசனமும் அதைவிட முக்கியமில்லை. இதை நான் அனுபவத்தில் ஒப்புக்கொண்டேன். கதாநாயகனுக்குத் தொண்டை கட்டியது ஒரு தடவை. மீதி மூன்று, ஃப்யூஸ் போனது.

“எத்தன விளக்கு சார் போட்டீங்க?”

“நாலு.”

“நாலு விளக்குக்கு மூணு தடவையும் ஃப்யூஸ் போச்சா?”

“ஆங்” என்றவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் தடுப்புக் கட்டங்களை நிரப்பினேன். மார்கழியில் கல்யாணம் இல்லாததால் கல்யாண மண்டபம் காலியாக இருக்கும். கூரை உண்டு, கட்டிய மேடை உண்டு, மழை இல்லை, ஆடிக் காவடி இல்லை. தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு ஆரம்பம். ஜன்னல் வெளிச்சமே போதும், மின்சாரமே வேண்டாம். எல்லோருடைய ரயிலுக்கும் முன்பே முடிந்துவிடும். ஆட்டுக்குக் கதவு. தொண்டைக்குப் பனங்கற்கண்டு. தாளை அவரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, “எதிர்பாராத திருப்பமே இல்லியேம்மா” என்றார்.

நாடகத்தின் பெயர் ‘கண்டிகை நிறுத்தம்’. தனம் என்ற பெண்ணுக்கு அரக்கோணத்தில் தையல் ஆசிரியை வேலை கிடைக்கிறது. பவர்லூம் ஓட்டும் புருஷன், நான் இருக்கும்போது வேலை எதற்கு என்கிறான். இரண்டாம் அங்கத்தில் பெரிய சண்டை. மூன்றாம் அங்கத்தில் அவள் டிரங்குப் பெட்டியோடு கே.ஜி.கண்டிகை பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள். போவாளா, திரும்புவாளா என்பதுதான் கதை. தனமாக நடிக்க முதல் தடவையாக ஒரு நிஜப் பெண் கிடைத்தாள். ஆர்.கே.பேட்டையில் பவர்லூமில் வேலை செய்த சரோஜா. புருஷன் வேடம் அரக்கோணம் ரோட்டில் லாரி மெக்கானிக்காக இருந்த காதர் பாய்க்கு. நல்ல குரல், என்ன வசனம் பேசினாலும் ஓடுகிற இஞ்சினை மீறிக் கேட்கும்.

அந்தக் காலத்தில் நாடகம் போட வேண்டுமென்றால் பிரதியை போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அங்கம் சார் கார்பன் வைத்து நாலு பிரதி எழுதுவார். அவற்றைச் சேர்த்து டேக் போட்டுக் கட்டும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன். பக்க எண் பார்த்து, ஒன்றிலிருந்து அறுபத்தெட்டு வரை, ஒரு தாள்கூடப் பிசகாமல் கட்டினேன். அவருடைய பழக்கம் தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன். நாடகம் அறுபதாம் பக்கத்தோடு முடிந்திருந்தது. அறுபத்தொன்றிலிருந்து அறுபத்தெட்டு வரை விமர்சனம். தபால் பிரிவுக்காரர் ஆனதால் பக்க எண்ணை அறுக்காமல் தொடர்ந்து போட்டுவிட்டிருந்தார். நான் வரைபடக்காரி ஆனதால் எண்ணைப் பார்த்தேனே தவிர எழுத்தைப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. இருவரும் போனோம். ஏட்டையா மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டைப் பிரித்து வைத்திருந்தார். அறுபத்துமூன்றாம் பக்கத்தில் ஒரு தீக்குச்சி அடையாளமாகச் செருகப்பட்டிருந்தது. நிதானமாக வாசித்தார்: “மூன்றாம் அங்கம் தொடங்கியதும் பொறுமையுள்ள ரசிகன் எழுந்து போவான். பொறுமையற்றவன் செருப்பைத் தேடுவான்.”

கண்ணாடியை இறக்கினார். “செருப்ப எதுக்கு சார் தேடறான்? போட்டுக்கவா, வீசவா?”

“அத வாசகர் ஊகத்துக்கு வுட்டிருக்கு ஏட்டையா.”

“ஸ்டேஷன்ல ஊகம் எல்லாம் கெடையாது சார். வீசுவான்னா பொது அமைதிக்குக் குந்தகம். நான் எப்டி அனுமதி குடுக்கறது?”

தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அங்கம் சார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். தன் நாடகத்துக்காக அவர் வாய் திறந்து பேசியதை நான் கேட்டது அன்றுதான். “அவன் சொல்றது கொஞ்சம் ஜாஸ்தி ஏட்டையா” என்றார்.

“எவன்?”

“விமர்சனம் எழுதினவன்.”

“அது நீங்கதான சார்? ரெண்டும் ஒரே கையெழுத்தா கீது.”

“ஆங், நான்தான். ஆனா நாடகம் எழுதும்போது அவன் ஊட்ல இல்ல.”

ஏட்டையா என்னைப் பார்த்தார். இது அலுவலகத்திலும் இப்படித்தானா என்று அந்தப் பார்வை கேட்டது. நான் தலையாட்டினேன். அவர் நன்றாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கலவரம் வராது என்று நாடகம் எழுதியவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். செருப்பு விஷயம் மிகைப்படுத்தல்தான் என்று விமர்சனம் எழுதியவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அங்கம் சார் முதல் கையெழுத்தைச் சட்டென்று போட்டார். இரண்டாவது கையெழுத்துக்குப் பேனாவை எடுத்தவர் வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் ஒருவரைக் கேட்டுவிட்டுப் போட வேண்டும் போலிருந்தது. கடைசியில் போட்டார்.

“நானும் வரேன் சார்” என்றார் ஏட்டையா கட்டை மூடிக்கொண்டே. “அந்த மூணாவது அங்கத்துக்காகத்தான்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பிவிட்டது. பாதிப் பேர் நாடகத்துக்கு வரவில்லை, இந்தத் தடவை எதனால் நிற்கப் போகிறது என்று பார்க்க வந்திருந்தார்கள். மழை என்று ஒருவரும் மின்வெட்டு என்று ஒருவரும் டீக்கடையில் வாதம் செய்ததாகக் காதர் பாய் சொன்னார். அங்கம் சார் வழக்கம்போல முன்வரிசையில் நடுவில், நோட்டும் பென்சிலுமாக. பக்கத்தில் வீட்டம்மா. அந்தப் பக்கம் ஏட்டையா, வேட்டி சட்டையில்.

முதல் அங்கம் போனது. இரண்டாம் அங்கத்தில் சரோஜா சண்டை போட்ட வேகத்தில் தறிக்கார ஆண்கள் பலர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் யாரும் தரையைப் பார்க்கவில்லை. திரை விழுந்தது. வழக்கமான இடம். மண்டபமே திரும்பி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தது. வானம் சுத்தமாக இருந்தது.

திரை மறுபடி எழுந்தது. பஸ் நிறுத்தம். டிரங்குப் பெட்டியோடு சரோஜா. திருத்தணி முதல் தடவையாக மூன்றாம் அங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பஸ் என் கைவேலை. அலுவலகத்துக் கழிவு அட்டைகளை ஒட்டி, ஜன்னல்களை வெட்டி எடுத்து, நிஜ அளவுக்குச் செய்த ஒரு பக்கம். அதைத் தாங்கிப் பிடித்தபடி உள்ளே நிற்பதும் நானே. என் அட்டவணையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. ஒரு காரணமும் மிச்சமில்லை.

அப்போது திரை விழுந்தது. சரோஜா நாலு வசனம்கூடப் பேசவில்லை. நான் பஸ்ஸைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினேன். மேடையின் ஓரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கம் சார் நின்றார். முன்வரிசையில் இருந்தவர் எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை.

“வேணாம்மா” என்றார். “நல்லா இல்ல. இப்ப அவ புருஷன் வருவான். இவ கால்ல வுழுவா. அப்புறம் ஊரே பஸ்ல வந்து எறங்கி மன்னிக்கும். எனக்கே தெரியும். ஜனம் பாக்க வேணாம்.”

எனக்கு ஃப்யூஸ் கணக்கு அப்போதுதான் நேரானது. “அந்த மூணு தடவையும் நீங்கதானா சார்?”

“கண்ணாடியும் ஆடு மிதிக்கல” என்றார் மெதுவாக.

திரைக்கு வெளியே சீட்டி அடிக்க ஆரம்பித்தார்கள். மழையும் இல்லை, மின்வெட்டும் இல்லை என்பதால் டீக்கடைவாதிகள் இருவருமே ஏமாந்திருந்தார்கள். ஏட்டையா எழுந்து நின்று, கலவரமா என்று பொதுவாகக் கேட்பது கேட்டது. வீட்டம்மா அவரை உட்காரச் சொன்னார்.

காதர் பாய் ஓடி வந்தார். மனப்பாடம் பண்ணிய மூன்று பக்கத்தை வீணாக்காதீர்கள் என்று மன்றாடினார். அங்கம் சார் கயிற்றை விடவில்லை. சரோஜா மட்டும் அவசரப்படாமல் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

“சார், வாரத்துல ஒரு நாளு லீவு எனக்கு. ஒரு மாசமா அந்த ஒரு நாளும் உங்க ரிகர்சலுக்கு வந்துகினு இருக்கேன். இந்தப் பொம்பள பஸ் ஏர்றாளா இல்லியா?”

“கால்ல வுழறாம்மா. எழுதியிருக்கே.”

“எழுதியிருக்கறது எனக்குத் தெரியும். அவ வுழுவாளான்னு கேக்கறேன்.”

வெளியே சீட்டி ஓய்ந்து, கால்களால் தரையைத் தட்ட ஆரம்பித்திருந்தார்கள். கயிற்றைப் பிடித்த அங்கம் சாரின் கை இறுகி இறுகித் தளர்ந்தது. கடைசியில், “வுழமாட்டா” என்றார். “போயிடுவா.”

“அப்ப போறேன்” என்றாள் சரோஜா. பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

“வசனம் எழுதலியேம்மா. இனிமே எப்டி எழுதறது?”

“பொண்டாட்டிய பஸ் ஏத்தி வுடறதுக்கு இன்னா சார் வசனம்?” என்றார் காதர் பாய். “மாசத்துக்கு ரெண்டு தடவ நான் பண்றதுதான்.”

அங்கம் சார் எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் கயிற்றை இழுத்தார். நான் ஓடிப்போய் பஸ்ஸுக்குள் ஏறிக்கொண்டேன். அதாவது பின்னால் நின்றேன்.

திரை எழுந்தது. தரை தட்டுவது நின்றது. காதர் பாய் மூச்சிரைக்க வந்தார். சரோஜா அவரைப் பார்க்கவில்லை. நான் பஸ்ஸை மெதுவாக நகர்த்திக்கொண்டு வந்தேன். அது நிற்கும் முன்பே காதர் பாய் ஓடினார். நம் ஊரில் எந்த பஸ்ஸுக்கும் ஓடுவதுபோலத்தான், கூடவே நாலடி ஓடி, தோளிலிருந்த துண்டை உருவி ஜன்னல் வழியாக உள்ளே வீசி இடம் பிடித்தார். அட்டை பஸ்ஸுக்கு சீட் கிடையாது. துண்டு என் தலையில் விழுந்தது. நான் அசையவில்லை, அசைந்தால் பஸ் விழுந்துவிடும்.

“ஜன்னல் சீட்டு” என்றார் காதர் பாய். அவருக்கு அவ்வளவு சின்னக் குரல் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. “இந்தப் பக்கம் வெயில் வராது.”

“துண்டு?” என்றாள் சரோஜா.

“திரும்பி வரும்போது எடுத்துகினு வா.” துண்டில்லாத தோளைத் தடவிக்கொண்டார். “வரலன்னா வெச்சிக்க.”

சரோஜா ஏறினாள். எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். நான் பஸ்ஸை நகர்த்தினேன். கூட்டத்தில் ஒரு பெண் குரல் இருந்த இடத்திலிருந்தே சொன்னது: “பாவா, நல்லா பாத்துக்கோ.” புருஷனைத் தெலுங்கில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பாவா யாரோ, அவரைத் தவிர மண்டபம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அங்கம் சார் கயிற்றை விட்டார். திரை ஒரே சீராக இறங்கித் தரையைத் தொட்டது.

அது விழுவதை முன்வரிசையிலிருந்து பார்க்கத்தான் அவர் முப்பத்தைந்து வருடம் காத்திருந்தார். விழுந்தபோது அவர் திரைக்கு இந்தப் பக்கம், எங்களோடு இருந்தார். கைதட்டல் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. துணியின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றவர், பிறகு என்னிடம் வந்தார். ஏதோ பெரிய கேள்வி வரப்போகிறது என்று நினைத்தேன்.

“காதர் பாய் ரொம்ப மெதுவா பேசிட்டார். பின்னாடி வரிசைக்குக் கேட்டுதாம்மா?”

“நல்லாக் கேட்டுது சார்” என்றேன்.

நான் நின்றது ஒரு அட்டை பஸ்ஸுக்குப் பின்னால், தலையில் ஒரு துண்டோடு. பின்வரிசை இருந்த திசைகூட எனக்குத் தெரியாது. அளந்து பார்க்காமல் ஒரு எண்ணைக்கூட நான் எந்தத் தாளிலும் எழுதியதில்லை. அளக்காமல் சொன்னது அந்த ஒன்றுதான். அங்கம் சார் இன்றைக்கு நெல்லூரிலிருந்து எழுதிக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். வேண்டுமென்றால் இரண்டு கையெழுத்துப் போட்டே கொடுப்பேன்.